நடுவில் ஒரு ‘நீக்கப்பட்டு’

அந்த நாற்காலி வேண்டாம் மேடம். பின்கால் ஒன்று ஆடும். போன மாதம் விற்பனைப் பிரிவிலிருந்து வந்த ஒருவர் அதில் சாய்ந்து உட்கார்ந்து, நல்லவேளையாகச் சுவரில் முட்டிக்கொண்டு பிழைத்தார். பக்கத்து நாற்காலி நல்லது. ஏசியையும் குறைத்துவிடுகிறேன், இந்தக் கூட்ட அறையில் ரிமோட்டை எங்கே ஒளித்து வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். சர்க்கரை இல்லாத காபிதானே கேட்டீர்கள்? எங்கள் இயந்திரத்தில் அதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால்தான் சர்க்கரை வராது. ஒன்றும் அழுத்தாவிட்டால் இரண்டு கரண்டி போட்டுத்தான் தரும்.

எங்கள் தொழிலில் இதை இயல்புநிலை என்கிறோம். நீங்கள் வாயைத் திறக்காவிட்டால் இயந்திரம் தன் போக்கில் என்ன செய்யுமோ, அது. என் அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், சும்மா இருப்பவருக்கு இரண்டாம் முறை பரிமாறிவிடுவாள். கையை நீட்டி மறித்தால்தான் கரண்டி நிற்கும். அது அக்காவின் இயல்புநிலை. உலகத்தில் பாதிக் காரியம் யாரும் எதுவும் சொல்லாததால்தான் நடக்கிறது என்பது என் அபிப்பிராயம். இதை நீங்கள் விசாரணை அறிக்கையில் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை.

இந்த நிறுவனத்தில் பதினொரு வருடமாக எச்சரிக்கை வாசகம் எழுதுகிறேன். எங்கள் மென்பொருளைப் பற்றி உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நீங்கள் எழுதும் எந்தக் கோப்பின் பழைய வடிவங்களையும் அது ஒன்று விடாமல் எடுத்து வைத்துக்கொள்ளும். இன்று கெடுத்ததை நாளைக்கு நேற்றைய நிலைக்குத் திருப்பிக்கொள்ளலாம். ஒரு வேலையைத் தனியாகச் செய்து பார்க்க வேண்டுமானால் கிளை பிரித்துக்கொள்ளலாம். சரியாக வந்தால் மரத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். இந்த மென்பொருள் தானாக ஏதாவது செய்யப்போகிறது என்றால், முன்கூட்டியே மஞ்சள் நிறத்தில் ஒரு வாசகம் திரையில் வரும். அந்த வாசகம் நான்.

அதை யாரும் படிப்பதில்லை. இதை நான் மனக்குறையாகச் சொல்லவில்லை, கவனித்துச் சொல்கிறேன். பதினொரு வருடம் மற்றவர்களின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தவன் நான். கண் வாசகத்தின் மேல் விழும், நேரே கடைசிச் சொல்லுக்குத் தாவும், விரல் என்டரைத் தட்டிவிடும். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நம் மொழியின் அமைப்பு அப்படி. வினைச்சொல் கடைசியில்தான் வருகிறது. நடந்ததா, நடக்காதா, நல்லதா, கெட்டதா என்பதெல்லாம் வாலில்தான் தெரிகிறது. வாலைப் பார்த்துவிட்டால் உடம்பைப் பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

இனி அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்களும் அதற்குத்தான் காத்திருக்கிறீர்கள்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். இங்கே உதவி நூல் பிரிவின் தலைவர். என்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டவரும் அவரே. அந்த நன்றியை நான் மறக்கவில்லை, இதைத் தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். நான் சேர்ந்த முதல் நாள் காலையில் என் தோளில் கை போட்டு மூன்றாம் மாடி முழுக்க அழைத்துப்போனார். ஒவ்வொரு மேசையிலும் நின்று, “இவரு என் மாப்ள. ரெண்டு வரி எழுதுவாரு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாப்பாட்டு நேரத்துக்குள் எனக்கு ‘ரெண்டு வரி’ என்று பெயர் நிலைத்துவிட்டது. வாசலில் நிற்கும் காவலர்கூட “ரெண்டு வரி சார் வந்தாச்சு” என்றுதான் வருகைப் பதிவேட்டை நீட்டுவார். பதினொரு வருடமாக என் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. அத்தானுக்கு அதில் கெட்ட எண்ணம் கிடையாது. எண்ணமே கிடையாது, அதுதான் விஷயம்.

அவர் எழுதுவது ரெண்டு வரி இல்லை. ஆறு வருடமாக அவர் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் மென்பொருளின் முழுமையான உதவி நூல். நாற்பத்தோரு அத்தியாயம், தொள்ளாயிரம் பக்கம். வேலை நேரத்தில் பாதி, வீட்டில் மீதி. அந்தப் புத்தகத்தை அவர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவருக்கு வேறு ஆசை இல்லை. பிள்ளை குட்டி இல்லை. அதை அச்சில் பார்த்துவிட்டு ஓய்வு பெற வேண்டும் என்ற ஒன்றுதான். அக்கா வீட்டில் எதைக் கேட்டாலும் பதில், “புத்தகம் முடியட்டும்.” குளியலறைக் குழாய் ஒழுகுகிறது: புத்தகம் முடியட்டும். அக்காவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும்: புத்தகம் முடியட்டும். அக்கா இதுவரை கடல் பார்த்ததில்லை. கல்யாணத்தின்போதே கூட்டிப்போகிறேன் என்று சொன்ன மனிதர், இப்போது அதற்கும் இதே பதில். அவள் குழாயின் கீழே வாளியை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு அங்கேதான் சாப்பாடு. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தட்டில் கை வைத்ததும் அத்தான் ஆரம்பிப்பார். இந்த வாரம் எழுதிய அத்தியாயம், அதன் துணைத்தலைப்புகள், அடிக்குறிப்புகள். கேட்டுக்கொண்டே சாப்பிடுவேன். கடைசியில் கை கழுவும்போது, “உன் பாடு தேவல மாப்ள. ரெண்டு வரி, வேலை முடிஞ்சுது” என்பார். ஆறு வருட ஞாயிற்றுக்கிழமைகளை நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. அது தெரிந்தால்தான் மற்றது புரியும். ஒவ்வொரு அத்தியாயத்தையும் தனிக் கிளையில் எழுதுவார். எழுதி முடித்துவிட்டால் அந்தக் கிளையைத் திரும்பத் தொடமாட்டார். “முடிச்சது முடிச்சதுதான். தொட்டா நோண்டத் தோணும்” என்பார். எல்லாவற்றையும் கடைசி நாளில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது திட்டம். வேறு எங்கும் பிரதி வைக்கவில்லை. பழையதைக் காப்பாற்றுவதற்கென்றே இருக்கும் மென்பொருளில் போட்டு வைத்ததற்கு இன்னொரு பிரதி எதற்கு என்று கேட்பார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

இந்த வருடத் தொடக்கத்தில் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். சேமிப்புக் கிடங்கு நிரம்பி வழிகிறது, இயல்புநிலையை மாற்றப்போகிறோம் என்றார். இதுவரை, யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லாக் கிளைகளும் அப்படியே இருக்கும். அடுத்த பதிப்பிலிருந்து, யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால், நூற்றெண்பது நாள் தொடாத கிளைகளை மாதம் ஒருமுறை மென்பொருளே துப்புரவாக்கிவிடும். வேண்டும் என்பவர்கள் ஒரு கட்டளை கொடுத்தால் போதும், அவர்களுடையது பத்திரம். இதைத் தொண்ணூறு நாள் திரையில் காட்ட வேண்டும், வாசகம் எழுது என்றார்.

நான்கு நிமிடத்தில் எழுதிவிட்டேன். ‘எச்சரிக்கை: 180 நாள் தொடாத கிளைகள் அழிக்கப்படும். வேண்டுமென்றால் இப்போதே சொல்லுங்கள்.’ நல்ல வாசகம். பச்சைக் குழந்தைக்கும் புரியும். சேமித்துவிட்டுக் கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அத்தான் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அவர் திரையில் எங்கள் பழைய வாசகம் ஒன்று வந்தது. அவர் விரல் என்டரைத் தட்டிய வேகம் இருக்கிறதே, முகத்தில் உட்கார்ந்த ஈயை விரட்டுவதற்குக்கூட மனிதன் அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வான்.

அப்போதுதான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. வெறும் கேள்வி. தொள்ளாயிரம் பக்கம் எழுதியவர், ரெண்டு வரி படிப்பாரா?

அழிக்கப்படும் என்ற சொல் கடைசியில் இருந்தால் யார் கண்ணிலும் படும். அது பரீட்சையே ஆகாது. படிக்கிறவர்களுக்கு மட்டும் தெரிய வேண்டும், பார்க்கிறவர்களுக்குத் தெரியக்கூடாது. ஆகவே அந்தச் சொல்லைக் கொஞ்சம் உள்ளே நகர்த்தினேன். நகர்த்தும்போது அது முற்றுவினையாக நிற்க முடியாது, எச்சமாக வேண்டும். ‘அழிக்கப்படும்’ என்பது ‘நீக்கப்பட்டு’ ஆனது. பாருங்கள், அந்த ‘ட்டு’ எவ்வளவு சாதுவாக இருக்கிறது. மேலே ஏதோ வருகிறது, அதையும் கேள் என்று அடக்கமாக ஒதுங்கி நிற்கிறது. பத்துப் பன்னிரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் இப்படி வந்தது. மனப்பாடமாகவே சொல்கிறேன்:

‘அறிவிப்பு: நீங்கள் வேறு விதமாகக் கூறாத பட்சத்தில், அடுத்த பதிப்பு முதல் 180 நாட்களாகத் தொடப்படாத கிளைகள் மாதாந்தரத் துப்புரவின்போது நீக்கப்பட்டு, உங்கள் மற்ற கிளைகள் அனைத்தும் வழக்கம்போல் பத்திரமாகப் பாதுகாக்கப்படும்.’

இதில் ஒரு பொய் காட்டுங்கள் பார்க்கலாம். இலக்கணப் பிழையாவது காட்டுங்கள். எல்லாம் உண்மை, அதனதன் இடத்தில் இருக்கிறது. திரையில் சரியாக இரண்டு வரி.

தொடக்கத்தில் ‘எச்சரிக்கை’ என்றுதான் வைத்திருந்தேன். அதை மாற்றியது அக்கா. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் உள்ளே எழுதிக்கொண்டிருந்தபோது, துணி மடித்துக்கொண்டிருந்த அக்காவிடம் வாசித்துக் காட்டினேன்.

“நல்லாத்தானேடா இருக்கு. பத்திரமா பாதுகாப்போம்னு சொல்றீங்க. அதுக்கு எதுக்கு எச்சரிக்கைன்னு ஆரம்பிச்சு வயித்துல புளியைக் கரைக்கிறே?” என்றாள்.

அவள் சொன்னது சரி என்று பட்டது. ‘அறிவிப்பு’ என்று மாற்றினேன். மறுநாள் வாசல் காவலரிடமும் அலைபேசியில் காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்துவிட்டு, “எல்லாம் பத்திரமா இருக்கும்னு போட்டிருக்கு சார். நல்ல சேதி” என்றார். ஒரு வாசகத்தை இத்தனை கண்ணும் கருத்துமாகச் சோதித்துப் பார்த்து வெளியிட்டவர் இந்தத் தளத்தில் வேறு யாருமில்லை.

புதன்கிழமைக் கூட்டத்தில் அதை வாசித்தேன். அத்தான் வரவில்லை, பொருளடக்கம் தயாரித்துக்கொண்டிருந்தார். எங்கள் சோதனைப் பிரிவில் ஒரு பெண் இருக்கிறாள், சல்லடை என்று கூப்பிடுவோம். அவள் கையில் எதைக் கொடுத்தாலும் ஓட்டை கண்டுபிடிப்பாள்.

“சார், நடுவுல ‘நீக்கப்பட்டு’ன்னு ஒண்ணு ஓடுது. முக்கியமானதே அதுதானே? அதைக் கடைசியில வைக்கலாமே?” என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு அவள்மேல் மரியாதை வந்தது. பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மேலாளர் முந்திக்கொண்டார்.

“கடைசியில வச்சா பயந்துருவாங்கம்மா. பயந்தா போன் பண்ணுவாங்க. போனை யாரு எடுக்கறது, நீயா?”

எல்லோரும் சிரித்தார்கள். சல்லடை தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். நான் என் தாளை மடித்து வைத்தேன். வாசகம் நிறைவேறியது. அவரைப் பழி சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை மேடம். அவர் நாள்தோறும் செய்வதைத்தான் செய்தார்.

தொண்ணூறு நாள் அது ஓடியது. அத்தான் ஒரு நாளைக்கு மென்பொருளை நாலைந்து முறையாவது திறப்பார். ஆக அவருக்கு மட்டும் முந்நூறு நானூறு முறை சொல்லியிருக்கிறேன். ஒரு மனிதனுக்கு இதற்கு மேல் எத்தனை முறை சொல்வது? தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மஞ்சள் வரும், விரல் தட்டும், மஞ்சள் போகும். ஒவ்வொரு தட்டுக்கும் எனக்குள் ஏதோ ஒன்று ஜில்லென்று இறங்கும். அதைச் சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

மென்பொருளின் புதிய பதிப்பு வந்தது. மாத முதல் தேதி காலை பத்து மணிக்குத் துப்புரவு ஓடியது. ஏழு நிமிடத்தில் முடிந்துவிட்டது. கட்டடத்தில் விளக்குகூட மினுங்கவில்லை. அத்தான் அப்போது நாற்பத்தோராவது அத்தியாயத்தில் இருந்தார். காபி குடித்துக்கொண்டே தட்டிக்கொண்டிருந்தார்.

துப்புரவில் போனதை முப்பது நாள் வரை எங்கள் ஆட்கள் மீட்டுத் தர முடியும். கேட்டால் மட்டும். இது எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்த வாசகத்தையும் நான்தான் எழுதினேன். மேசை நாள்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தேன். அந்த முப்பது நாளில் நான்கு ஞாயிறு வந்தது. நான்கு முறையும் போய்ச் சாப்பிட்டேன். முன்னுரைக்கு யாரிடம் கேட்கலாம் என்று ஒரு வாரம் பேசினார், அட்டை என்ன நிறம் என்று ஒரு வாரம். நீலம் நன்றாக இருக்கும் என்று சொன்னேன். நிஜமாகவே நன்றாக இருந்திருக்கும்.

முப்பத்தோராம் நாள் அவர் மேசைக்குப் போனேன்.

“அத்தான், எல்லாத்தையும் ஒண்ணா சேர்க்கப் போறேன்னீங்களே, எந்த அளவுல இருக்கு?”

“இதோ, இன்னிக்கே ஆரம்பிச்சுரலாம் மாப்ள” என்று உற்சாகமாகக் கிளைப் பட்டியலைத் திறந்தார்.

நாற்பத்தொன்றில் முப்பத்தேழு இல்லை. கடைசி நான்கு அத்தியாயமும் நன்றியுரையும் இருந்தன. அவர் பட்டியலை மேலும் கீழும் உருட்டினார். மூடித் திறந்தார். கணினியை அணைத்துவிட்டுப் போட்டார். அது வரும்வரை இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்ப வந்த பட்டியலிலும் ஐந்துதான். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சரி மாப்ள. நீ போ” என்றார்.

அவ்வளவுதான். அதிர்ச்சியில் மனிதர்களுக்குப் பேச்சு வராது என்பார்கள்.

கிளைகளை இழந்த மற்றவர்களைப் பற்றிக் கேட்கிறீர்கள். உங்கள் கோப்பில் பதினோராயிரம் பேர் என்று போட்டிருக்கிறது. எனக்கு அது கூடுதலாகத் தோன்றுகிறது, இருந்தாலும் விவாதிக்கவில்லை. சைகை மொழிக்கு அகராதி தொகுத்த ஒரு தம்பதி, ரயில் கால அட்டவணையை நாலு வருடம் சீரமைத்த ஒரு குழு, பறவைச் சத்தங்களை எழுத்தில் எழுதப் பார்த்த ஒருவர். எல்லோருடைய புகார்க் கடிதத்தையும் படித்தேன். ஒன்றைக்கூட விடவில்லை. அவர்களோடு எனக்கு எந்த விரோதமும் கிடையாது. ஒரே ஒருவருக்கு மட்டும் வாசகம் காட்டும் வசதி எங்கள் மென்பொருளில் இல்லை மேடம். எல்லோருக்கும் காட்டினால்தான் அவருக்கும் காட்ட முடியும். வசதி கேட்டு இரண்டு வருடத்துக்கு முன்பே விண்ணப்பம் போட்டேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தக் கடிதங்களில் ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? எல்லாவற்றிலும் என் வாசகம் முழுதாக இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து. சிலர் ‘நீக்கப்பட்டு’வுக்குக் கீழே கோடு போட்டிருக்கிறார்கள். பள்ளி ஆசிரியர் ஒருவர், தன் வினாத்தாள் தொகுப்பு மொத்தமும் போய்விட்டது என்று இரண்டு பக்கம் திட்டிவிட்டு, கடைசியில் ‘ஆனால் வாக்கியத்தில் குறை சொல்வதற்கில்லை’ என்று எழுதியிருக்கிறார். படித்ததும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதை மட்டும் ஒரு நகல் எடுத்துச் சட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

ஆமாம், இந்தத் தாள்கள் என்னுடையவைதான். இருபத்து மூன்று வரைவும் வரிசையாக இருக்கின்றன. எங்கள் மென்பொருளின் குணம் அப்படி. நான் நாள்தோறும் தொட்ட கிளை என்பதால் துப்புரவும் அதை விட்டுவிட்டது. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் என்ன மாற்றினாய் என்று ஒரு குறிப்பு கேட்கும். நானும் பழக்கதோஷத்தில் ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறேன். ஒன்பதாவது: ‘சொல்லைச் சற்று உள்ளே தள்ளினேன்.’ பதினான்காவது: ‘இன்னும் கண்ணில் படுகிறது.’ இருபத்திரண்டாவது: ‘அக்காவின் யோசனைப்படி.’ இருபத்து மூன்றாவது: ‘அத்தானுக்கு இது போதும்.’

இதற்கு மேல் பூசி மெழுகுவதில் அர்த்தமில்லை. ஆம், நான் வேண்டுமென்றேதான் செய்தேன். அத்தானின் புத்தகத்தை அழிப்பதற்காகத்தான் அந்த வாக்கியத்தை எழுதினேன். ரெண்டு வரியால் தொள்ளாயிரம் பக்கத்தை இல்லாமல் ஆக்க முடியும் என்பது இப்போது நிரூபணமாகிவிட்டது. இதில் அக்காவுக்கு நல்லது செய்கிறோம் என்ற எண்ணமும் எனக்கு இருந்தது. புத்தகம் என்று ஒன்று இல்லாவிட்டால் குழாய் சரியாகும், கண்ணாடி வரும், கடலுக்குப் போவார்கள் என்று நினைத்தேன். ஆனால் அவர் மறு திங்கட்கிழமையே முதல் அத்தியாயத்திலிருந்து திரும்ப ஆரம்பித்துவிட்டார். அதற்கு நான் பொறுப்பாக முடியாது.

நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அவர் படிக்கவில்லை. அதை மட்டும் அறிக்கையில் தெளிவாக எழுதுங்கள். படித்திருந்தால் ஒரே ஒரு கட்டளையில் எல்லாம் தப்பியிருக்கும். நான் சொன்னேன், அவர் படிக்கவில்லை.

இது என்ன மேடம்? நன்றியுரையா? தப்பிப் பிழைத்தவற்றில் ஒன்று. இதை நான் பார்த்ததில்லை. கொடுங்கள்.

‘எங்கள் எச்சரிக்கை வாசகங்களை எழுதும் என் மைத்துனருக்கு. இந்தப் புத்தகத்தில் தெளிவாக இருக்கும் பகுதிகள் அவருடைய வாசகங்களைப் பார்த்து நான் கற்றுக்கொண்டவை. அவர் எழுதும் எதையும், வந்த முதல் நாளே, இரண்டு முறை படித்துவிடுவது என் வழக்கம்.’

முதல் நாளே. அப்படியென்றால் நான் தடுப்புக்கு அப்பாலிருந்து பார்த்ததெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

அத்தானின் வாக்குமூலமும் உங்களிடம் இருக்கிறதா? அவரே சொன்னாரா? நீங்கள் கேட்கும்வரை அக்காவிடம்கூடச் சொல்லவில்லையா? சரி. அவர் சொல்லியிருந்தால் அது உண்மையாகத்தான் இருக்கும். அவருக்குப் பொய் சொல்ல வராது.

வாசகம் வெளியான முதல் வாரம். ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். அக்கா உள்ளே இருந்தாள். அத்தான் படிக்கட்டு வரை வந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

“மாப்ள, அந்த நூத்தியெண்பது நாள் சமாச்சாரம் படிச்சேன். என் அத்தியாயமெல்லாம் தொடாமத்தானே கிடக்கு. நீக்கிருமோன்னு ஒரு சந்தேகம். அந்தக் கட்டளையைக் கொடுத்துரட்டுமா?” என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “எழுதினதே நீதானே, உனக்குத் தெரியாததா? அதான் கேட்டேன்” என்றார்.

“உங்களுக்கு ஒண்ணும் ஆகாது அத்தான். நிம்மதியா எழுதுங்க” என்றேன்.

அவர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். நான் படியிறங்கி வந்துவிட்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் மல்லுக்கட்டி, இருபத்து மூன்று வரைவு எழுதி, காவலர் வரை காட்டிச் சோதித்த வாக்கியம் மேடம். பதினோராயிரம் பேரை அது ஏமாற்றியது. யாருக்காக எழுதினேனோ அவரிடம் அது செல்லுபடியாகவில்லை. அவர் நடுச்சொல்லைக் கண்டுபிடித்துவிட்டார். என்னை இதுவரை ஒழுங்காகப் படித்த ஒரே மனிதர் அவர்தான் போலிருக்கிறது. அவர் புத்தகத்தை அழித்தது வெறும் வாய்வார்த்தை. செருப்பு மாட்டும்போது எந்த முட்டாளும் சொல்லக்கூடிய வாய்வார்த்தை.

பேனாவைக் கொடுங்கள், எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். வேலை போகட்டும், வழக்குப் போடட்டும், அக்கா என் முகத்தில் விழிக்காமல் போகட்டும், எதையும் மறுக்கப்போவதில்லை. அந்தப் படிக்கட்டுப் பேச்சை மட்டும் அறிக்கையில் விட்டுவிடுங்கள். அத்தான் படிக்கவில்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள் மேடம்.